வேகம் கம்மியா ஒண்ணு

"இதைவிட மெதுவா ஓடுறது ஏதாச்சும் இருக்குதா பாய்?"

காதில் சரியாக விழவில்லையோ என்று அப்துலுக்குச் சந்தேகம். செங்கம் ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து, வேகமாக ஓடுவதைக் கேட்டவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"மெதுவாவா சார்?"

"ஆமாங்க. வேகம் கம்மியா இருக்கணும். எவ்ளோ பழசோ அவ்ளோ நல்லது."

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, கசங்காத வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. பெயர் சகாதேவன் என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி ரஹமத்துன்னிசா.

"நம்ம கொல்லையோட சிட்டா நகல் வாங்கிட்டீங்களா இல்லியா? நாளைக்குள்ள பேங்க்ல குடுத்தாதான் சதஃபுக்கு லோனு. இல்லன்னா காலேஜ் சீட்டு போச்சு, சொல்லிட்டேன்."

"கடையில ஆளு வந்திருக்காங்க. அனுப்பிட்டு நேரா தாலுக்கா ஆபீசுக்குத்தான் போறேன்."

கீழ்பென்னாத்தூரில் அப்துலுக்கு நிலக்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லை உண்டு. மகளைப் படிக்க வைக்க அதைவிட்டால் வேறு ஜாமீன் கிடையாது.

அவசரமாகப் பின்கட்டுக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். ரைஸ் மில்லில் பல வருஷம் தவிட்டுத் தூசி தின்ற கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டதும் மாவு மில் மாதிரி இரைந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள், பிரசவ வலியோடு ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"இது தயாராகிறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாமா?" என்றார் சகாதேவன்.

"பஜ்ஜியே சாப்பிட்டுட்டு வரலாம் சார்" என்றார் அப்துல், வெட்கத்தோடு.

இருவரும் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். பச்சை எழுத்துகள் இன்னும் முக்கிக்கொண்டிருந்தன. மலைமேல் தீபம் தெரிந்த மாதிரி சகாதேவனின் முகம் மலர்ந்தது.

அப்துலுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், பொய் சொல்லி விக்கக் கூடாது. இது நடுநடுவுல அப்படியே நின்னுடும். அணைச்சுட்டு மறுபடியும் முதல்லருந்து போடணும்."

"அடிக்கடி நிக்குமா?"

"ஜாஸ்தியாவே நிக்கும்."

"பேஷ். பிரிண்டர் இருக்குதா?"

"இருக்குது. ஆனா பேப்பரைக் கடிச்சுடும். ரிப்பனும் மங்கல். வேற தர்றேன் சார்."

"வேணாம் வேணாம், இதுவே இருக்கட்டும்" என்று சகாதேவன் பிரிண்டரைக் கையால் மறைத்துக்கொண்டார், யாரோ பிடுங்க வந்த மாதிரி.

அப்பளம் போன்ற பழைய ஃபிளாப்பிகளை அப்துல் எடுத்துக் காட்டினார். "இது கெட்டுப்போனா வேற எங்கயும் கெடைக்காது."

"எங்கயுமே கெடைக்காதா? அப்ப அதையும் போடுங்க."

ஆசிரமத்துப் பக்கம் கடை வைத்திருப்பவருக்கு எல்லா வகை மனிதர்களும் பழக்கம். பெரிய வேலையை உதறிவிட்டு வாடகை அறையில் கண்மூடி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நேரமே வேண்டாமென்று கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்ட ஜெர்மன்காரரும் உண்டு. இவரும் அந்த ரகம்தான் என்று அப்துல் முடிவு கட்டினார். இருந்தாலும் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எதுக்கு உங்களுக்கு இது?"

சகாதேவன் பெருமூச்சு விட்டார்.

"வேகம் வந்ததும் மனுஷனுக்கு மதிப்பு போயிடுச்சு பாய். முன்னெல்லாம் ஒருத்தர் நம்மளத் தேடி வந்தா, நிப்பாரு, குடும்பம் குட்டி கதையெல்லாம் சொல்லுவாரு, திரும்பத் திரும்ப வருவாரு. இப்ப வந்த சூட்டோட போயிடுறாங்க. நம்ம மூஞ்சியக்கூடப் பாக்கறதில்ல."

அப்துலுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா! சொன்ன விலையில் பாதியைக் குறைத்தார். கேட்காமலே தூசி படாமலிருக்க ஒரு உறையும் கொடுத்தார்.

"நீங்களே வந்து மாட்டிக் குடுத்துடுங்க. சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிக்கணும்" என்றார் சகாதேவன்.

அப்துல் கடையைப் பூட்டினார். மடியில் மானிட்டரோடு ஆட்டோவில் உட்கார்ந்தார். வண்டி ஏதேதோ சந்துக்குள் புகுந்து ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் நின்றது. பின்கதவு வழியாக ஓர் அறைக்குள் அழைத்துப்போனார் சகாதேவன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மேசைமேல் பளபளவென்று ஒரு புத்தம்புது கம்ப்யூட்டர்.

"அதைக் கழட்டி பீரோவுல வச்சுட்டு இதை மாட்டுங்க பாய்."

"ஏன் சார், ரிப்பேரா?"

"ரொம்ப நல்லா ஓடுது. அதான் தொல்லை."

இப்படியும் ஒரு பற்றற்ற ஆத்மா என்று வியந்துகொண்டே அப்துல் வேலையை முடித்தார். பெட்டி இரைந்தது. பச்சை எழுத்துகள் முக்க ஆரம்பித்தன. சகாதேவன் கைகுலுக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, எதிரிலிருந்த ஜன்னலைத் திறந்தார்.

வெளியே, கையில் மனுவோடு நீளமாக ஒரு வரிசை. எதிர்ச்சுவரில், இந்த ஜன்னலைக் காட்டும் அம்புக்குறியோடு ஒரு பலகை: 'சிட்டா நகல் இங்கே வழங்கப்படும்.'

"சார்... நீங்கதானா இங்க? எனக்கே ஒரு சிட்டா நகல் வேணும் சார். நாளைக்குள்ள பேங்க்ல குடுக்கணும்" என்றார் அப்துல், அதிர்ச்சியும் ஆனந்தமுமாக.

சகாதேவன் திரையைப் பார்த்து அதே நிதானத்தோடு சொன்னார்: "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ பாய், அடுத்த வாரம் வாங்க. அவசரம்னா, சாயங்காலம் என்னைத் தனியா வந்து பாருங்க."