மூன்று வகுப்புக்கு ஒரே அப்பா

மந்தைவெளிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை குமுதவல்லிக்கு அந்த வாரம் சோறே இறங்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாதான் வர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். திங்களன்று மூன்றாம் வகுப்பு தனலட்சுமிக்கு அப்பாவாக ஒரு முறுக்கு மீசைக்காரர் வந்து ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டார். செவ்வாயன்று ஐந்தாம் வகுப்பு ஆரோக்கியமேரிக்கும் அதே மீசைதான் வந்தது. புதனன்று ஏழாம் வகுப்பு தௌசீஃபுக்கும் அதுவே வந்து, "கணக்குல ஏன் மார்க்கு கொறஞ்சிது?" என்று டீச்சரிடமே சண்டை பிடித்தது.

மூன்று மதத்தில் மூன்று குடும்பமா? ஏமாந்துபோன அந்த மூன்று மனைவிகளையும் நினைத்துக் குமுதவல்லிக்குப் பொறுக்கவில்லை. டைரக்டரியைப் புரட்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஏட்டுதான் பேசறேன். ஆளு எப்டி இருப்பான், மேடம்?"

"ஒசரமா, பெரிய மீசை வச்சுண்டு இருக்கான். பார்த்தாலே ரௌடின்னு தெரியறது."

ஏட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது நான்தான், மேடம். மூணு பேரோட நைனாவும் குடிச்சிட்டு மட்டையாயி கெடக்கறாங்க. அப்பா வரலேன்னா கிளாசுக்கு வெளியே நிக்கணுமாமே. பசங்க ஸ்டேஷனுக்கே வந்து அழுதுச்சுங்க. நான் இன்னா பண்றது?"

குமுதவல்லி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"வெள்ளிக்கிழமை எட்டாம் கிளாஸ் மீட்டிங். ஸ்டேஷன்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கேள்?"