தூக்கிப் போட்டிருவேன்

தூத்துக்குடியின் பழுதுநீக்கும் குழுக்களெல்லாம் ஒன்றுகூடி, குப்பைக்குப் போகவிருந்த பொருளைச் சரிசெய்தால் மட்டும் கிடைக்கும் கார்பன் நிதியை வாங்கியதிலிருந்து, ஸ்டெல்லாவின் மேசையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு கேமராவும் உட்கார்ந்திருந்தது. பொருளைக் கொண்டுவருபவர் அதன் முன் நின்று, "சரியாகலேன்னா தூக்கிப் போட்டிருவேன்" என்று சொல்ல வேண்டும். மெய்யென்றால் பச்சை விளக்கு எரியும், நிதி வரும். பொய்யென்றால் சிவப்பு. சிவப்பு விழுந்த பொருளைத் தொட்டால் குழுவையே நிதியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

காஜா மைதீன் மகளின் நடைக்கருவியை மேசையில் வைத்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சிவப்புதான்.

"மனசாரச் சொல்லுங்க, பாய்."

"எப்படிக்கா சொல்லுவேன்? எம்புள்ள இத வச்சித்தான நடக்கா."

காலையிலிருந்து இதே கதைதான். வேண்டாத பொருளை யார் வெயிலில் இவ்வளவு தூரம் சுமந்து வருவார்கள்? வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பி ஸ்டெல்லாவுக்கு அலுத்துப்போயிருந்தது. கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இது சரியாகலேன்னா, நான் இந்த வேலையவே தூக்கிப் போட்டிருவேன்."

அன்றைக்கு முதல் முறையாகப் பச்சை எரிந்தது. பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.