மரியாதையான சண்டை

பல்லடம், 2024 ஜனவரி 13. ஒத்திகை. தறிக்கூடத்தின் பொங்கல் நாடகத்தில் காப்பிய ராஜாவும் முகமூடி போட்ட சூப்பர் ஹீரோவும் மோத வேண்டும்.

ராஜா வேடமிட்ட கௌதமன், "சண்டைக்கு வாங்க" என்றான்.

"வந்துட்டனுங்க. மொதல்ல நீங்க அடிங்க" என்றது முகமூடி.

எழில் எழுதி இயக்கும் முதல் நாடகம் இது. தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க, அந்தக் கால வீரன் எதிரியோட பரம்பரையவே திட்டிப்போட்டுத்தான் அம்பு உடுவான். சூப்பர் ஹீரோ மூஞ்சியவே காட்டாம நக்கலடிப்பான். 'டேய்'னு கூப்பிடுங்க!"

"வாயில வரமாட்டீங்குதுங்க" என்றான் கௌதமன்.

"நாளைக்குச் சனம் எந்திரிச்சுப் போயிருமுங்க! ஏன் வராது?"

"முகமூடிக்குள்ள இருக்கறது என்ற மாமனாருங்க."

எழில் இருவரின் வேடத்தையும் மாற்றினாள்.

மறுநாள் மேடையில், முகமூடிக்குள் இருந்த கௌதமன் ராஜாவைத் திட்டித் தீர்த்தான். எழில் எழுதிக் கொடுக்காத வசனங்களும் அதில் இருந்தன.