வெள்ளையடித்த சுவர்

மணிமுத்து குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவர் வளர்த்த ராஜபாளையம் நாய் பீமனுக்கு மலையென்றால் உயிர். சாரல் காலத்தில் விடிந்ததும் ஏறிவிடும். உச்சிப்பொழுதுக்குச் சோறு தேடி இறங்கிவந்து வாசலில் ஓர் உதறு உதறும். சுவரெல்லாம் இடுப்புயரத்துக்குச் செம்மண் தெறிக்கும். அதன் காலில் ஒட்டிய அட்டைகளை மணிமுத்து உப்புத் தூவி எடுப்பார்.

பங்குனியில் பீமன் செத்தது. சாரலுக்கு முன்னால் வெள்ளையடிக்கிற வழக்கப்படி, மணிமுத்து யோசிக்காமல் அந்தச் சுவரையும் அடித்துவிட்டார்.

மனைவி ஆவுடைத்தாய் பிடித்துக்கொண்டாள். "அவன் அடையாளம்னு இருந்தது அது ஒண்ணுதான். அழிச்சிட்டீயளே!"

"ஏட்டி, நீதான பத்து வருசமா சுவத்தை நாசமாக்குதான்னு ஏசுன?"

"ஏசுவேன். அதுக்கு அழிப்பியளோ?"

மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாளும் மழையில்லை, தெரு காய்ந்து கிடந்தது. உச்சிக்குச் சாப்பிட வந்த மணிமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். வெள்ளைச் சுவரில் இடுப்புயரத்துக்குச் செம்மண் புள்ளிகள், ஈரம் காயாமல் இருந்தன.

ஆவுடைத்தாய் வாயெல்லாம் சிரிப்பாகப் பீமனின் பழைய தட்டில் சோற்றைப் போட்டாள். "சவத்துப்பய, தெருவுல நின்னு உதறுன்னா கேக்கானா பாருங்க!"

மணிமுத்து உப்பை அள்ளிவந்து, தரையில் கிடந்த அட்டையின்மேல் தூவினார். அது வயிறு முட்ட ரத்தம் குடித்திருந்தது.