மஸ்கட்டிலிருந்து வந்த மெயில்

ஆவூரில் லியோ தன் வீட்டிலேயே, வரும் மெயில்களை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் மெயில் சர்வர் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தான். மனைவி ஜெயராணியின் மெயிலும் அதில்தான் வரும். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ முடித்தவளுக்குப் பத்து நாளாகியும் பதில் இல்லை.

“இன்னைக்கும் வரலயாங்க? சர்வர்ல ஏதும் கோளாறா?”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்,” என்றான் லியோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

“விடுங்க. எனக்கு அந்தத் தகுதி இல்ல போல. சும்மா ஒங்களையும் பாடாப் படுத்துறேன்.”

அவள் குரல் உடைந்ததும் லியோ கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். கீபோர்டில் எதையோ தட்டினான். “இப்பப் பாரு ஜெயா. சர்வர்லயே சிக்கிக் கெடந்திருக்கு.”

போனைத் திறந்த ஜெயராணியின் முகம் மலர்ந்து, படிக்கப் படிக்க வாடியது.

“வேலை கெடச்சிருக்குங்க. தனியா வரமாட்டேன், எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை குடுங்கன்னு கேட்டிருந்தேன். ஒங்ககிட்டகூட சொல்லல. ஒங்களையும் கம்ப்யூட்டர் வேலைக்கு எடுத்துருக்காங்க. ஆனா, சம்மதம் சொல்ற கெடு நேத்தோட முடிஞ்சிருச்சு.”

லியோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

“மெஷின் செஞ்ச தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று அவன் தோளைத் தொட்டாள்.

சர்வர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவள் தன்னை விட்டுப் போய்விடுவாளே என்ற பயத்தில், அந்த ஆஸ்பத்திரியின் மெயில் எது வந்தாலும் அவளுக்குப் போகாமல் நிறுத்தி வைக்கும்படி அதைப் பழக்கியிருந்தவன் லியோதான்.