தொட்டிக்கு விலை ஏறிவிட்டது

பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிகிற குடிநீர்ப் புகார் அறையில், போன் எடுப்பவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கைப்பேசி விளையாட்டில் தான் கட்டும் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் இல்லையென்று, விரல்நக அளவு வீடுகளின் மேல் சிவப்பு முகங்கள் குதிக்கின்றன. தொட்டி கட்டினால்தான் ஆட்டம் மேலே நகரும். தொட்டிக்கு வைரங்கள் வேண்டும். ஒரு விளம்பரம் பார்த்தால் ஒரு வைரமென்று கண் பூத்துப்போகச் சேர்த்தவள் இன்று திறந்தால், ராவோடு ராவாக விலை ஏறியிருக்கிறது. பற்றாத வைரத்தைக் காசுக்கு விற்க ஒரு தங்கப் பெட்டி மினுக்குகிறது. "பகல் கொள்ளைடி. கம்பெனிக்கு நறுக்குன்னு நாலு வார்த்தை எழுதிப் போட்டுட்டேன்," என்கிறாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம். கைப்பேசி சிணுங்குகிறது, கம்பெனியின் பதில். 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. பொறுமைக்கு நன்றி.' எட்டிப் பார்த்த பக்கத்துக்காரி சிரித்துவிடுகிறாள். "அக்கா, இது நம்ம வசனமாச்சே!" அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைப் போன் அடிக்கிறது. எடுக்கிறாள். "அம்மா, குழாய்ல ஒரு வாரமா சொட்டுத் தண்ணி இல்லம்மா. கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு அல்லாடுறேன். எப்பம்மா வரும்?" வாய் தானாகத் திறக்கிறது, அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. வேறு ஒன்றைத் தேடுகிறாள். கைப்பேசியில் சிவப்பு முகங்கள் குதித்துக்கொண்டே இருக்கின்றன. "ஹலோ... லைன்ல இருக்கீங்களாம்மா?"