இல்லை என்று சொல்லப் பழகுதல்

“உங்க கம்பெனியில மொத்தம் எத்தனை பேரு சார்?”

“அறுபத்திரண்டு.”

“அதுல சொந்தக்காரங்க?”

தங்கராசு மின்விசிறியைப் பார்த்து மனக்கணக்குப் போட்டார். “நாப்பத்தொண்ணு. நேத்து வந்த மச்சானோட சகலையச் சேத்தா நாப்பத்திரண்டு.”

கீரப்பாளையத்தில் அரிசி ஆலை, சிதம்பரத்தில் அலுவலகம், கடலூரில் கிளை என்று வளர்ந்த மனிதர்தான். ஆனால், சொந்தக்காரர் யாராவது வேலை கேட்டு வந்துவிட்டால், ‘இல்லை’ என்ற சொல் அவர் தொண்டைவரை வந்து, அங்கேயே காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அரிசியில் கல் பார்க்கும் இடத்தில் கண்புரை வந்த சித்தப்பா. முகூர்த்த நாளென்றால் ஆலைக்கே பூட்டு. எல்லோரும் ஒரே பந்தியில் இருப்பார்கள்.

‘இன்னொரு லோடு கல்லோடு வந்தால் ஒப்பந்தம் ரத்து’ என்று அரிசி வாங்கும் பெங்களூர்க் கம்பெனி கடிதம் போட்டுவிட்டது. சொந்தமில்லாத இருபது பேரில் ஒருத்தியான மேலாளர் ரேகாதான், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் இந்த எழிலனைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தாள். எக்ஸிகியூட்டிவ் கோச். முதலாளிகளுக்கே பயிற்சி கொடுக்கிறவனாம். பிடித்திருந்தால் ஆறு மாத ஒப்பந்தம்.

“முதல்ல ஒரு பயிற்சி செஞ்சு பாருங்க சார். நான் உங்க அக்கா பையன்னு வெச்சுக்குங்க.” எழிலன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். “மாமா, எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க மாமா.”

“அடப்பாவமே! எதுவரைக்கும் படிச்சிருக்க?”

“சார், ‘இல்ல’ன்னு சொல்லணும்!”

இரண்டாம் தடவை, “தை பொறக்கட்டும், பாக்கலாம்” என்றார். மூன்றாம் தடவை, “சாப்ட்டியா?” என்றார். ஏழாம் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“இல்ல! உனக்கு இங்க வேலை இல்ல. கெளம்பு!”

எழிலன் கட்டியிருந்த கையை மெல்லப் பிரித்தான்.

“பிரமாதம் சார்” என்றான் எழிலன். “அப்ப அந்த ஆறு மாச ஒப்பந்தம்...”

தங்கராசுவுக்கு நாக்கில் சூடு ஆறவில்லை. “அதுவும் இல்ல தம்பி. ஒரே நாள்ல கத்துக் குடுத்துட்டீங்க, இனிமே எதுக்கு?”

எழிலன் சிரிக்கப் பார்த்தான். கும்பிட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்பினான். தங்கராசு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்தப்பாவை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் போலிருந்தது.

போன் அடித்தது. மும்பையிலிருந்து பெரியப்பா மகள் தில்லையம்மாள்.

“தம்பி, எம்மவன் ஆண்டி வந்தானா? எழிலன்னு பேர மாத்தி வெச்சிக்கிட்டுத் திரியிறான். ஒன் மடியில உக்கார வெச்சித்தான காது குத்துனோம்! பாவம், சென்னையில ஒருத்தரும் கூப்புடாம தவிக்கிறான். மாமாகிட்ட உள்ளதச் சொல்லிக் கேளுடான்னா, ‘தெறமையப் பாத்துக் குடுக்கட்டும்’னுட்டான் ரோஷக்காரன். அவன்ட்ட என்ன சொன்ன?”

தங்கராசு போனைக் கையால் பொத்திக்கொண்டு அறை அதிரக் கத்தினார்.

“ரேகா! ஓடிப்போயி அந்தக் கோச்சப் புடிம்மா! எனக்கு இன்னும் சரியா வரல. ஆறு மாசம் பத்தாது, ஒரு வருசமாவே போடு!”